கப்பலில் வந்த மருமக்கள்



இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர் பலர் அங்கேயே மணமுடித்தார்கள். அவர்கள் மனைவிமார் இந்நாட்டுக்கு வருவதற்கென்று 1945 டிசம்பர் 28 அன்று ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1946 ஜனவரி 26 அன்று சவுத்தாம்ப்டனில் புறப்பட்ட ‘அர்ஜென்டினா’ கப்பல், 452 மணப்பெண்களோடும் 173 பிள்ளைகளோடும் பிப்ரவரி 4 அன்று நியூயார்க் வந்து சேர்ந்தது.

அங்கிருந்து ரயிலேறிப் பலர் சிற்றூர்களுக்குப் போனார்கள். போருக்குப்பின் வீட்டுத் தட்டுப்பாடு இருந்ததால், மாமியார் வீட்டில்தான் பலருக்கு முதல் குடித்தனம். பேசுவது அதே ஆங்கிலம். ஆனால் ‘பிஸ்கட்’ என்றால்கூட இங்கே வேறு பண்டம்! பிறந்தகத்தில் 1954 வரை இறைச்சி ரேஷனில்தான் கிடைத்தது. இங்கே நிறைந்த தட்டின் முன் அமர்ந்தவளுக்குத் தாயின் நினைவு வராமலா இருந்திருக்கும்?

ஆசியருக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. ஜப்பானிய மனைவிமாரில் பெரும்பாலோர் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்தார்கள். இந்தியர் குடியுரிமை பெற 1946 ஜூலை 2 அன்று சட்டம் வழிவிட்டது. ஆனாலும் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்கே இடம்.

மோவாபிலிருந்து வந்த ரூத்தும் அந்நிய தேசத்து மருமகளே. “இவள் யார்?” என்று போவாஸ் விசாரித்ததில்தான் அவள் வாழ்வு திரும்பியது. சட்டம் துறைமுகம் வரைதான் கொண்டுவந்து விடும். அதற்கப்பால் ஊர்தான் ஏற்க வேண்டும். கணவரின் வேலையை நம்பி வந்து, நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் தனியே அமரும் சகோதரியை இந்த ஆண்டு நாமும் விசாரிப்போமாக.