நிலத்தின் குறிப்பறிந்தவர்: பேட்ரிக் கெடிசும் சென்னைப் பூங்காக்களும்

ஊர்ப் பெயர்கள் வரலாற்றின் சுருக்கெழுத்து. கால்நடை மந்தைகள் மேய்ந்து நின்ற வெளியே மந்தைவெளி ஆயிற்று. இன்று அங்கே மந்தையும் இல்லை. வெளியும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் அவ்வூரைச் சுற்றி மூன்று பூங்காக்கள் உள்ளன. வடக்கே லஸ் பகுதியில் நாகேசுவரராவ் பூங்கா. மேற்கே தியாகராய நகரின் பனகல் பூங்கா. தெற்கே அடையாற்றுக் கழியை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா. நகரத்தில் நீருக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடம் என்னும் கேள்விக்கு இம்மூன்றும் மூன்று விடைகள். அக்கேள்வியைச் சென்னையில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எழுப்பியவர் பேட்ரிக் கெடிஸ்.

எம்டனும் கண்காட்சியும்

1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த கெடிஸ் அடிப்படையில் தாவரவியலறிஞர். 1888 முதல் 1919 வரை டண்டீயில் அத்துறைப் பேராசிரியராக விளங்கினார். 'நிலவமைப்புக் கலைஞர்' என்னும் தொழிற்பெயரைப் பிரித்தானியாவில் முதன்முதலாக ஏற்றுக்கொண்டவர்களுள் ஒருவர். எடின்பரோவின் நெரிசல் மிக்க பழைய தெருக்களில் பாழ்பட்டுக் கிடந்த மூலைகளைத் தேடித் தேடிச் சிறு தோட்டங்களாக்கினார். மரம், மனிதர், தொழில் மூன்றையும் சேர்த்தே நகரத்தைக் காணவேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் அவர் சென்னைக்கு வந்தார். உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் அடங்கிய அவரது கண்காட்சி 'கிளான் கிராண்ட்' என்னும் கப்பலில் பின்தொடர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு வீசிய செருமானியப் போர்க்கப்பல் எம்டன், அடுத்த திங்களில் அக்கப்பலையும் மூழ்கடித்தது. எம்டன் தமிழருக்கு ஒரு புதுச் சொல்லையே தந்துவிட்டுப் போயிற்று; கெடிசுக்கோ பல்லாண்டு உழைப்பு கடலுள் போயிற்று. அவர் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு, 1915 சனவரியில் பல்கலைக்கழக ஆட்சிமன்ற மண்டபத்தில் கண்காட்சியை நடத்தினார்.

தஞ்சையில் கற்பித்த பாடம்

பின்னர் மாகாணத்தின் ஊர்களை நடந்தே ஆய்ந்தார். தஞ்சை அறிக்கையில் அவர் வகுத்த நெறி 'பேணிக் காக்கும் அறுவை' என்பது. நெரிசலைத் தீர்க்க வீடுகளை இடித்து நேர்சாலை போடுவது அக்காலப் பொறியாளர் வழக்கம். கெடிஸ் அதை மறுத்தார். இடிந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, காலியிடங்களை இணைத்து, மரம் நட்டால் தெரு மூச்சுவிடும், குடியிருப்போரும் துரத்தப்படமாட்டார், செலவும் குறையும் என்று காட்டினார்.

குளங்களைப் பற்றிய அவர் கருத்து இன்னும் நுட்பமானது. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் திட்டங்கள் பெருகியிருந்த காலம் அது. குளம் காற்றைக் குளிர்விப்பது, மழைவெள்ளத்தை ஏற்பது. அதைத் துப்புரவாக்கி மீனும் வாத்தும் விட்டால் கொசு தானே ஒழியும் என்று அவர் வாதிட்டார். மருந்துக்கு முன் நோய் நாடல் வேண்டும் என்பதே அவர் அறிக்கைகளின் சாரம்.

கேளாத செவிகள்

1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால் 1923-இல் தொடங்கிய மாம்பலம் திட்டத்துக்காக நகரின் மேற்கெல்லையாக நீண்டு கிடந்த பேரேரி வற்றவைக்கப்பட்டது. அதன்மேல் எழுந்தது தியாகராய நகர். நடுவே பனகல் அரசர் பெயரால் அழகிய பூங்கா அமைந்தது. அன்று பெருகிய மக்களுக்கு வீடு தேவைப்பட்டது உண்மையே. எனினும் ஏரியை எடுத்துக்கொண்டு பூங்காவைக் கொடுத்தது ஈடாகுமா? எஞ்சிய நுங்கம்பாக்கப் பகுதியும் பின்னாளில் தூர்க்கப்பட்டது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அவ்வேரி நிலத்தில் நிற்பதே. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்னும் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றபோது, ஏரி தன் இருப்பிடத்தைத் தானே நினைவுபடுத்தியது.

லஸ் பூங்காவின் கதையும் நீரில் தொடங்குவதே. குட்டையாகக் கிடந்த இடம், அமிர்தாஞ்சன் நிறுவனரும் ஆந்திர பத்திரிகையின் ஆசிரியருமான காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலுவின் பெயரால் 1940-இல் பூங்காவாயிற்று. மயிலாப்பூர் மக்களின் மாலைப்பொழுதுக்கு அது உற்ற துணை. ஆயினும் அங்கும் நீர் விலகிய பின்னரே மரம் வந்தது.

கழி மீண்ட கதை

மூன்றாவது பூங்காவில் வரிசை மாறியது. அடையாற்றுக் கழி நெடுங்காலம் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாயிருந்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர், ஜாஸ் புரூக்சின் தலைமையில், அதை மீட்கும் திட்டத்தை வகுத்தனர். முதலில் மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்தனர். இடிபாடுகள் அகற்றப்பட்டு நீர்ப்பரப்பு விரிக்கப்பட்டது. அலையாத்தியும் இம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளும் நடப்பட்டன. 58 ஏக்கரில் அமைந்த இப்பூங்கா 2011 சனவரியில் திறக்கப்பட்டது. புல்வெளி விரித்து ஊஞ்சல் கட்டும் பூங்கா அன்று இது. நிலம் எதைக் கேட்டதோ அதைக் கொடுத்த பூங்கா. கெடிஸ் பெயர் அங்கே எங்கும் பொறிக்கப்படவில்லை. நோய் நாடிப் பின் மருந்து என்ற அவர் முறை மட்டும் அங்கே உயிரோடிருக்கிறது.

அதற்குத் தொல்காப்பியர் பெயர் சூட்டியதும் பொருத்தமே. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் கருப்பொருள். அவற்றைச் சார்ந்தே மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என வகுத்த மரபு நம்முடையது. தாவரவியல் வழியே கெடிஸ் வந்தடைந்த முடிவை நம் இலக்கணம் கவிதை வழியே முன்னரே கண்டிருந்தது. கழியும் நாரையும் இல்லாத ஊரில் நெய்தல் பாடுவோர் நூலை மட்டுமே பார்த்துப் பாட நேரும். ஆதலால் ஒரு குளத்தைக் காப்பது பொறியாளர் பணி மட்டுமன்று. ஒரு திணையைக் காக்கும் பணியுமாகும். அதில் கவிஞர்க்கும் பங்குண்டு.