தூதரகம் காணாத தூதர்: கர்தினால் லூர்துசாமி

தூது என்பது தமிழர்க்குப் புதிய கலையன்று. வள்ளுவப் பெருந்தகை அதற்கென 69ஆம் அதிகாரத்தையே வகுத்து, தூதுரைப்பான் ஒருவனுக்கு வேண்டிய பண்புகளைப் பொருட்பாலில் ஆராய்ந்திருக்கிறார். அப்பண்புகளைத் தன் வாழ்வில் கொண்டு விளங்கிய தமிழர் ஒருவர் நம் பெங்களூரில் பேராயராயிருந்து, பின்னர் உரோமைக்குச் சென்று, உலகளாவிய பொறுப்பொன்றை ஏற்றார் என்பதைத் தமிழன்பர்கள் பலர் அறிந்திலர். அவரே கர்தினால் சைமன் லூர்துசாமி.

வத்திக்கானின் தூதுப்பணி இருவகைப்படும். நாடுகளுக்குத் தூதர்களை அனுப்புவது ஒன்று. மும்பையைச் சேர்ந்த கர்தினால் ஐவன் டயஸ், கானா, கொரியா, அல்பேனியா ஆகிய நாடுகளில் இவ்வகைப் பணி ஆற்றியவர். மற்றொன்று, உரோமையிலேயே அமர்ந்து, பல மொழியும் பல மரபும் உடைய திருச்சபைகளுக்கிடையே இணக்கம் காண்பது. அங்கு அந்நாளில் இருந்த பேராயங்கள் நம் நாட்டு அமைச்சகங்களைப் போன்றவை. கோப்புகளோடு வாழும் எம்போன்ற அரசு ஊழியர்க்கு இப்பணியின் அருமை எளிதில் விளங்கும். லூர்துசாமி ஆற்றியது இந்த இரண்டாம் வகைப் பணியே.

அவர் 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கல்லேரியில் பிறந்தார். 1951இல் குருப்பட்டம் பெற்றார். உரோமையில் திருச்சபைச் சட்டம் பயின்று முனைவரானார். 1962இல் பெங்களூரின் துணை ஆயராகப் பொறுப்பேற்று, அவ்வாண்டே தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் கலந்துகொண்டார். 1968 ஜனவரியில், 44 வயது நிறையும் முன்னரே, பெங்களூர்ப் பேராயரானார். அந்நாளில் நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டி தோன்றவில்லை. ஓசூர் சாலையின் இப்பகுதி சிற்றூர்களும் வயல்களுமாய்க் கிடந்தது.

அவர் காலத்தில் எழுந்த பெருவினா, வழிபாடு எம்மொழியில், எம்முறையில் நடைபெற வேண்டும் என்பது. இலத்தீன் மொழி பின்வாங்க, மக்கள் மொழிகள் பீடமேறிய காலம் அது. இந்திய ஆயர் பேரவையின் வழிபாட்டுக் குழுத் தலைவராயிருந்த லூர்துசாமி, 1969 ஏப்ரலில் உரோமைக்கு 12 பரிந்துரைகளை அனுப்பினார். தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கேற்றல், ஆரத்தி எடுத்தல் முதலிய இந்நாட்டு மரபுகளை வழிபாட்டில் ஏற்கலாம் என்பன அவை. அம்மாதமே ஒப்புதல் கிடைத்தது. இம்முயற்சியின் பின்னின்ற அறிஞர், பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நிறுவிய அமலோர்பவதாஸ். இவர் லூர்துசாமியின் உடன்பிறந்த இளவலாவார். இம்மாற்றங்களை வரவேற்றோரும் உண்டு. கடுமையாக எதிர்த்தோரும் உண்டு.

1971இல் உரோமை அவரை அழைத்துக்கொண்டது. மறைபரப்புப் பேராயத்தில் இணைச் செயலராகவும், 1973 முதல் செயலராகவும் பணியாற்றினார். ஆசிய, ஆப்பிரிக்க மறைமாவட்டங்களில் மிகப் பலவற்றின் விவகாரங்கள் அந்நாளில் அப்பேராயத்தின் வழியே சென்றன. 1985 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். அவ்வாண்டு அக்டோபரில் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவரானார். வத்திக்கான் பேராயம் ஒன்றுக்கு இந்தியர் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதன்முறை.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. அவரோ இலத்தீன் மரபினர். அவர் காக்க வேண்டியதோ கீழை மரபுகள். கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபை தன் தொன்மையான வழிபாட்டை மீட்க முனைந்தபோது, அதனுள்ளேயே கருத்து வேற்றுமை மூண்டிருந்தது. கேரளத்துக்கு வெளியே வாழும் தம் மக்களுக்குத் தனி மறைமாவட்டங்கள் வேண்டும் என்பது அத்திருச்சபையின் மற்றொரு கோரிக்கை; ஓரூரில் இரு ஆயர்கள் எதற்கு என்பது இலத்தீன் தரப்பின் ஐயம். 1987இல் திருத்தந்தை இந்திய ஆயர்களுக்கு மடல் வரைந்து, மூன்று மரபினர்க்கும் உரிய உரிமைகளை உறுதிசெய்தார். 1988இல் மும்பைக்கு அருகே கல்யாண் மறைமாவட்டம் உருவாயிற்று. தாம் பிறந்த மரபின் ஐயத்தைவிட, தம் பொறுப்பிலுள்ள மரபின் உரிமை முன்னிற்க வேண்டிய பதவி அவருடையது.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் வரலாறு திரும்பியது. 1946 முதல் தடைசெய்யப்பட்டுத் தலைமறைவாய் வாழ்ந்த உக்ரைனியக் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை 1989இன் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. ருமேனியாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அரசுகளோடு பேசுவது வத்திக்கான் செயலகத்தின் கடமை. மீண்டெழுந்த திருச்சபைகளுக்கு ஆதரவளிப்பது லூர்துசாமியின் பேராயத்துக்கு உரியது. கீழைத் திருச்சபைகள் அனைத்துக்கும் பொதுவான சட்டத்தொகுப்பு 1990 அக்டோபரில் வெளியிடப்பெற்றதும் அவர் தலைமைக் காலத்திலேயாம். 1991இல் அப்பொறுப்பினின்று ஓய்வுபெற்ற அவர், 2014 ஜூன் 2ஆம் நாள் உரோமையில் தம் 90ஆம் அகவையில் மறைந்தார்.

கன்னட மண்ணில் தமிழராய்ப் பணிபுரிந்தவர், பின்னர்க் கீழை மரபினரிடையே இலத்தீன் மரபினராய்ப் பணிபுரிந்தார். பிறர் மரபைப் பேணுவதால் தன் மரபு தேய்ந்துவிடாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று. கன்னட நாட்டில் தமிழ் வளர்க்கும் சங்கத்தார் நாம். இவ்வூரின் மொழியையும் மரபையும் போற்றிக்கொண்டே நம் மொழியைப் பேணுவதற்கு, அவர் வரலாறு நமக்கு நல்லதொரு துணையாகும்.