ஆர்க்கேடியா: ஒரு கரடிப் பெயரின் பயணம்

ஜீயஸ் ஏமாற்றிச் சேர்ந்தது கலிஸ்டோவை. ஜீயஸின் மனைவி ஹீரா ஆத்திரத்தில் கரடியாக்கியதும் கலிஸ்டோவைத்தான். அகலிகை கதை தெரிந்தவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. கலிஸ்டோவின் மகன் ஆர்க்காஸ் வேட்டைக்குப் போனபோது, எதிரே வந்த கரடி தன் தாய் என்று அறியாமல் ஈட்டியை ஓங்கினான். ஜீயஸ் அவளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டார். நாம் சப்தரிஷி மண்டலம் என்கிற ஏழு மீன்களும் அந்தப் பெருங்கரடியின் உடம்பில்தான் இருக்கின்றன.

ஆர்க்காஸ் ஆண்ட நாடு ஆர்க்கேடியா. கிரேக்கத்தில் கரடிக்கு 'ஆர்க்டோஸ்' என்று பெயர்; கேட்டவர் காதில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

பெலோபொனேசின் நடுவே இருக்கும் அந்த நாடு கல்லும் குளிருமான மேய்ச்சல் மலை. அங்கே பிறந்த வரலாற்றாசிரியர் பாலிபியஸ், அந்தக் கடுமையைத் தணிக்கவே முன்னோர்கள் இசைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள் என்கிறார். ரோமானியக் கவி வர்ஜிலுக்குப் பாட்டு மட்டும் கேட்டது போலும், குளிர் உறைக்கவில்லை. அவருடைய ஆயர் கவிதைகளில் ஆர்க்கேடியா நம் முல்லைத் திணையைப் போல இனித்தது. 1504இல் நேப்பிள்ஸ் கவிஞர் சன்னஸாரோ 'ஆர்க்கேடியா' என்றே ஒரு நூல் வெளியிட்டார்.

இருபது ஆண்டு கழித்து, 1524இல், பிரெஞ்சு அரசருக்காகக் கப்பலோட்டிய வெரசானோ வட அமெரிக்கக் கரையோரம் மரங்களின் அழகில் மயங்கி அந்த இடத்துக்கு ஆர்க்கேடியா என்று பெயரிட்டார். அவர் மனத்தில் இருந்தது புத்தகத்து ஆர்க்கேடியா. கரடி உலவிய மலை அல்ல. வரைபடக்காரர்கள் பெயரை வடக்கே தள்ளிக்கொண்டே போனார்கள். வழியில் ஒரு 'ர்' உதிர்ந்தது. 'அகாடி' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அங்கிருந்த மிக்மாக் மக்களிடமும் உண்டு. உதிர்ந்ததற்கு அதுவும் கைகொடுத்திருக்கலாம். 1604இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறியபோது, இன்றைய நோவா ஸ்கோஷியா பகுதி அகாடியா ஆகியிருந்தது.

பிறகு அது பிரிட்டன் கைக்குப் போனது. நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழி எடுக்க அகாடியர்கள் மறுத்தார்கள். 1755இல் தொடங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் துரத்தினார்கள். வீடுகள் எரிந்தன, ஒரே குடும்பம் வெவ்வேறு துறைமுகங்களில் இறங்கியது. பிரான்ஸ் வரை போய் அங்கும் வேர்பிடிக்காதவர்களை 1785இல் ஏழு கப்பல்கள் லூசியானாவில் கொண்டுவந்து சேர்த்தன.

அங்கே 'அகாடியன்' முன்னெழுத்தை இழந்து 'காடியன்' ஆகி, ஆங்கிலம் பேசுவோர் வாயில் 'கேஜன்' ஆனது. இப்போது அந்தப் பெயரில் நம் ஊரிலும் காரமான உருளைக்கிழங்கு கிடைக்கிறது. தட்டில் கரடி இல்லை.