நோட்டன் பிரிட்ஜில் ஒரு விமானச் சக்கரம்

கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலையைத் தாண்டி, கினிகத்தேனை வழியாக மலையேறினால் நோட்டன் பிரிட்ஜ் வரும். அங்கே ஒரு விமானச் சக்கரம் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு புறப்பட்ட மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்க வரும் வழியில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் மாண்டனர். விமானிகள் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என்றது விசாரணை.

அந்தச் சக்கரத்தைத்தான் மக்கள் 'அந்த விமானம்' என்று சுட்டுகிறார்கள். ஆனால், விமானத்தில் மிக அடிக்கடி மாற்றப்படும் உறுப்புகளில் ஒன்று டயர். தேய்ந்தால் கழற்றி, மேற்பரப்பைப் புதுப்பித்து, வேறொரு விமானத்தில் பூட்டுவார்கள். இயந்திரங்களும் அப்படியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். அப்படியானால், விமானத்தின் அடையாளம் எங்கே இருக்கிறது?

அது ஏட்டில் இருக்கிறது. தொழிற்சாலை தரும் தயாரிப்பு எண் கடைசிவரை மாறாது. விமானம் வேறு நாட்டுக்கு விற்கப்பட்டால் பதிவெழுத்து மட்டும் மாறும். விபத்துக்குள்ளானது 'பிஎச்-எம்பிஎச்', முதல் இரண்டு எழுத்துகள் நெதர்லாந்தைக் குறிப்பவை. இலங்கைக்கு '4ஆர்'. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு, தீயில் அழியாத உலோகத் தகட்டில் பதிவுக்குறியைப் பொறித்து விமானத்தில் பொருத்த வேண்டும் என்கிறது. உடற்பகுதிக்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. ஆயுள் வரையறுக்கப்பட்ட உறுப்புகளுக்கோ, செய்யப்பட்ட நாள் முதல் எந்த விமானத்தில் எத்தனை முறை பறந்தன என்ற முழு வரலாறும் வேண்டும். அந்த வரலாறு அறுந்துபோனால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அந்த உறுப்பு பறக்கத் தகுதியற்றது.

பொருளுக்கு இது நல்ல விதி. மனிதருக்கும் இதையே பொருத்தினால் என்ன ஆகும் என்பதைச் சப்ரகமுவத் தோட்டங்கள் அறியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு 'தகர டிக்கெட்' கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, பயணச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கான அடையாளம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. இரத்தினபுரியில் கொழுந்து பறித்தவர்களும் கேகாலையில் இரப்பர் பால் வெட்டியவர்களும் இவ்வாறு வந்தோரின் வழிவந்தவர்களே. விமான டயருக்கு இன்றும் இயற்கை இரப்பரே முதன்மைப் பொருள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இவர்களிடம் தந்தை இலங்கையில் பிறந்ததற்கு அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பெயர்ப்பட்டியலில் அன்றாடம் வரவு பதிந்த தோட்டங்களில், பலருக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலே தீராது விடப்பட்ட 1,50,000 பேரை, 1974 ஜனவரியில் இரு நாடுகளும் 75,000 வீதம் பங்கிட்டுக்கொண்டன. விமானம் மலையில் விழுந்ததும் அதே ஆண்டில்தான்.

எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஏடு அறுந்தால் உறுப்பை ஒதுக்கிவைக்கலாம். தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தவர்களையும் அவ்வாறே ஒதுக்கியதை எந்தப் பாதுகாப்பு விதியாலும் நியாயப்படுத்த முடியாது.