சேய்மைச் சுட்டு: இணைப்புக் குறியின் வரலாறு

தொல்காப்பிய நூற்பாவிற்கு உரை காணும் நச்சினார்க்கினியர், கலித்தொகை அடியொன்றைச் சான்றாகக் காட்டுங்கால், அதனைப் பாடிய புலவரின் இசைவை வேண்டி நிற்பதில்லை. சுட்டப்பட்ட பாடலும் தான் சுட்டப்பட்டதனை அறியாது. உரைமரபில் இயல்பான இவ்வொருவழிச் சுட்டு, கணிப்பொறியில் நூல்களைப் பிணைக்க முற்பட்டபோது வாதிற்குரியதாயிற்று.

ஓர் ஆவணத்தை மற்றோர் ஆவணத்தோடு பிணைத்துத் தடம் அமைக்கும் பொறியொன்றை அமெரிக்க அறிஞர் வானிவர் புஷ் 1945இல் எழுதிய கட்டுரையில் கற்பனை செய்தார். 1965இல் டெட் நெல்சன் இத்தகைய எழுத்திற்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' எனப் பெயரிட்டார். அவர் வேண்டியது இருவழிப் பிணைப்பு. சுட்டும் நூலும் சுட்டப்படும் நூலும் ஒன்றையொன்று அறிதல் வேண்டும். மேற்கோள் எடுத்தாளப்படின் மூல ஆசிரியர்க்கு உரிய பொருளும் சேர்தல் வேண்டும். நேர்மையான கனவுதான். எனினும் அத்திட்டம் பல்லாண்டுகள் நிறைவெய்தாமலே நின்றது.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 மார்ச்சில் தம் திட்ட வரைவை மேலதிகாரியிடம் அளித்தார். 'தெளிவற்றது, ஆயினும் கிளர்ச்சியூட்டுவது' என்னும் கருத்தில் அவ்வதிகாரி அதன் முகப்பில் குறிப்பெழுதினார். பெர்னர்ஸ்-லீ தேர்ந்தது ஒருவழிச் சுட்டே. எவரும் எவர் பக்கத்தையும் இசைவு கேளாது சுட்டலாம். சுட்டிய பக்கம் மறையின் இணைப்பு அறுந்துபோகும். அவ்விழப்பை அறிந்தே அவர் ஏற்றார். 1991இல் சான் அன்டோனியோவில் நடைபெற்ற ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாடு அவர்தம் கட்டுரையை ஏற்க மறுத்து, செய்துகாட்டலுக்கு மட்டும் இடமளித்தது.

அவ்வாண்டிலேயே எச்.டி.எம்.எல். குறிகளின் முதற்பட்டியல் வெளிவந்தது. அதிலிருந்த பதினெட்டுக் குறிகளுள் பெரும்பாலானவை செர்னில் முன்னரே வழங்கிய ஆவணக் குறிமுறையைத் தழுவியவை. புதிதாய்ப் படைக்கப்பட்டது இணைப்புக் குறியே. நங்கூரம் எனப் பொருள்படும் 'ஆங்கர்' என்னும் சொல்லின் முதலெழுத்தான ஆங்கில 'ஏ' அதன் பெயர். கோண அடைப்பினுள் அவ்வெழுத்தையும், அடுத்து 'எச்ரெஃப்' என்பதையும் சமக்குறியையும் இட்டு, மேற்கோள் குறிகளுக்குள் செல்லிடத்தின் முகவரியை எழுதுதல் வேண்டும். பின் அடைப்பை மூடி, படிப்பவர் காணும் சொல்லை எழுதி, சாய்கோட்டுடன் கூடிய இறுதிக் குறியால் முடித்தல் வேண்டும். (தமிழில் அகரம் சேய்மைச்சுட்டாதல் தற்செயலே, எனினும் தமிழ் பயின்றோர்க்கு இக்குறி எளிதில் மறவாது.) தொடக்கநிலையாளர் பெரிதும் தவறுவது ஈற்றில்தான். இறுதிக் குறியை மறந்தால், அடுத்து வரும் பத்திகளும் இணைப்பாகவே மாறிக் கோடிட்டு நிற்கும்.

இக்குறியைப் பொதுமக்கள் கையால் எழுதுவர் எனப் பெர்னர்ஸ்-லீ கருதினாரல்லர். அவருடைய முதல் நிரலில் சொல்லைத் தெரிந்து கட்டளையிட்டாலே இணைப்பு அமைந்துவிடும். ஆனால் அந்நிரல் ஓடிய நெக்ஸ்ட் கணிப்பொறியை வைத்திருந்தோர் சிலரே. 1993இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்து பரவிய மொசைக், படிக்க மட்டுமே பயன்பட்டது. ஆகவே எழுத விழைந்தோர் குறிகளைக் கற்கவேண்டியவராயினர். பிறர் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்து, படியெடுத்து, முகவரியை மட்டும் மாற்றிக் கற்றனர். பார்த்தெழுதிப் பயின்ற ஏட்டுக்கல்வி போன்றதே இது. 'இங்கே அழுத்துக' என எழுதற்க என்பதும் அந்நாளையப் பாடங்களுள் ஒன்று. எலிப்பொறியின்றி, இணைப்பின் எண்ணைத் தட்டெழுதிப் படித்தவரும் அன்று இருந்தனர். 'இங்கே' என்னும் சொல்லோ சென்றடையும் பொருளைச் சிறிதும் உணர்த்தாது.

1993 ஏப்ரல் 30இல் செர்ன் தன் வலை நிரல்களை உரிமைத்தொகையின்றி உலகிற்கு அளித்தது. ஆயினும் உரிமை வழக்கு எழாமலில்லை. இணைப்பு தன் காப்புரிமைக்குட்பட்டது எனக் கூறி பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2000இல் அமெரிக்காவில் புராடிஜி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அது வென்றிருப்பின் இணைப்புக்கு உரிமைத்தொகை கேட்கும் வழி திறந்திருக்கும். 2002 ஆகஸ்டில் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. காப்புரிமை கூறிய மையக் கணிப்பொறி இணையத்தில் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

அறுதலின் கணக்கு பின்னரே தெரிந்தது. 2013இல் இருந்த பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகட்குப்பின் கிடைக்கவில்லை எனப் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டது. தொடக்கநிலையாளர் பலர் முதற்பக்கம் எழுதிய ஜியோசிட்டீஸ், ஜப்பான் நீங்கலாக, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. இணைய ஆவணக்காப்பகம் முதலியோர் ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர். அப்படிகளில் நண்பர்தம் பக்கங்களைச் சுட்டும் கோடிட்ட சொற்கள் இன்றும் உள்ளன; அவற்றுட் பல சுட்டும் இடத்தில் பக்கமில்லை.