மறுஆய்வும் சமூக மாற்றமும்: ‘ஸ்லேட்டர் ஊர்கள்’ உணர்த்தும் ஆய்வுநெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

முன்னர் ஆராயப்பட்ட ஓர் ஊரைப் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்வது மறுஆய்வு எனப்படும். இரு ஆய்வுகளுக்கிடையே காணப்படும் வேறுபாடு முழுவதையும் சமூக மாற்றமாகக் கொள்ளலாகாது. அதில் ஒரு பகுதி, ஆய்வாளர் கையாண்ட கருத்தாக்கங்களின் மாற்றமாகவும் இருக்கக்கூடும். இருவேல்பட்டு என்னும் ஊரைச் சான்றாகக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறியும் நெறிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறுஆய்வு, கள ஆய்வு, ஆய்வு அலகு, சமூக வகைப்பாடு, படியாள், இருவேல்பட்டு

முன்னுரை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்திய ஊர்கள் சிலவற்றை ஆராயச் செய்தார். அவ்வாய்வு 1918இல் நூலாயிற்று. பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்பார்வையில் 1930களின் பிற்பகுதியில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டு, அதன் முடிவுகள் 1940இல் வெளிவந்தன. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி முதலியன இன்றும் ‘ஸ்லேட்டர் ஊர்கள்’ என்றே ஆய்வுலகில் வழங்கப்பெறுகின்றன. இவற்றுள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டை எஸ். குகனும் ஜோன் மென்சரும் ஆராய்ந்து 1983இல் கட்டுரை வெளியிட்டனர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை, 1916 முதல் 2008 வரையிலான அவ்வூரின் வரலாற்றை ஆராய்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுச் சான்றுத்தொடர் ஓர் ஊருக்குக் கிடைத்திருப்பது அரிதினும் அரிது.

நோக்குவோர் நிலை

மலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கிப் பங்கேற்பு உற்றுநோக்கல் முறையை உருவாக்கிய காலமும், ஸ்லேட்டரின் மாணவர்கள் ஊர்களை ஆராய்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் முறைகள் வேறு. அங்கே புறத்தார் ஒருவர் அகத்தாரின் நோக்கை அடைய முயன்றார்; இங்கே தமக்கு அறிமுகமான ஊரை மாணவர்கள் வினாநிரலின் துணைகொண்டு விவரித்தனர். எனினும், ‘அகத்தார்’ என்பது ஒருபடித்தான நிலையன்று. 1916இல் பல்கலைக்கழகக் கல்வி பெரிதும் மேல்தட்டுச் சாதியினருக்கும் நிலவுடைமைக் குடும்பத்தினருக்குமே வாய்த்தது. எனவே, ஊரை நன்கறிந்தவரின் விவரிப்பிலும் சேரியிலிருந்து காணும் ஊர் இடம்பெறாமற் போகலாம். ஒரு தரவை மதிப்பிடுமுன், அதனைத் தந்தவர் ஊரின் எப்பகுதியில் நின்று பேசினார் என்பதை வினவுதல் வேண்டும்.

நோக்குவோர் எழுப்பும் வினாவும் முடிவை மாற்றும். மெக்சிகோவின் டெபோஸ்ட்லான் ஊரை ஆராய்ந்த ராபர்ட் ரெட்ஃபீல்டு தம் 1930ஆம் ஆண்டு நூலில் இணக்கமான வாழ்வைக் காட்டினார். அதே ஊரை மீண்டும் ஆராய்ந்த ஆஸ்கர் லூயிஸ் தம் 1951ஆம் ஆண்டு நூலில் வறுமையையும் பூசலையும் முன்னிறுத்தினார். இடைப்பட்ட ஆண்டுகளின் மாற்றம் மட்டுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணமன்று. மக்கள் எதில் மகிழ்கின்றனர் என்பதே தம் வினாவாகவும், எதனால் துன்புறுகின்றனர் என்பதே லூயிஸின் வினாவாகவும் இருந்ததெனப் பின்னாளில் ரெட்ஃபீல்டே விளக்கினார்.

வகைப்பாடுகளின் வரலாறு

ஸ்லேட்டரின் ஆய்வுக்கும் முதல் மறுஆய்வுக்கும் இடையிலேயே சமூகப் பெயர்கள் மாறின. 1922இல் சென்னை அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. 1936இல் பட்டியல் சாதிகளுக்கான ஆணை வந்தது. வன்னியர் 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றனர். இப்பெயர்கள் வெறும் முத்திரைகளல்ல. உரிமைக் கோரிக்கையும் அரசு ஆணையும் இணைந்து உருவாக்கியவை. முந்தைய அட்டவணையின் ஒரு வரிசையைப் பிந்தைய அட்டவணையின் வரிசையோடு அப்படியே பொருத்தினால், பெயர்மாற்றத்திற்குப் பின்னுள்ள போராட்டம் மறைந்துவிடும்.

‘படியாள்’ என்னும் சொல் இச்சிக்கலை மேலும் தெளிவாக்கும். இருவேல்பட்டில் கடனால் நிலவுடைமையாளரிடம் தலைமுறைதோறும் கட்டுண்டிருந்த உழைப்பாளிகளை 1916ஆம் ஆண்டின் ஆய்வு பதிவுசெய்தது. படியாள்முறையில் வேலை, கடன், சாதி ஆகிய மூன்றும் பிரிக்கவியலாதவை. வினாநிரலோ அவற்றை மூன்று தலைப்புகளில் தனித்தனியே கேட்கிறது; உறவு சிதறிவிடுகிறது. அன்றியும், ஒரு சொல் வழக்கொழிந்தமையாலேயே அது குறித்த உறவும் ஒழிந்ததாகக் கொள்ளவியலாது. கடன் தருபவர் யார், வேலைக்கு அழைப்பவர் யார், மறுப்பதற்கு உழைப்பவருக்கு உரிமை உண்டா என்னும் வினாக்களே உறவின் உண்மை நிலையைக் காட்டும்.

ஊர் என்னும் அலகு

அண்மை ஆய்வு, நிலவுடைமை ரெட்டியார் குடும்பங்களின் மேலாதிக்கம் தளர்ந்ததையும், வேளாண்மை சாராத வேலைவாய்ப்புப் பெருகியதையும், தலித் மக்கள் முன்னினும் தற்சார்பு பெற்றதையும் எடுத்துரைக்கிறது. இம்மாற்றங்களுக்கான காரணங்கள் ஊர் எல்லைக்குள் மட்டும் அடங்குவன அல்ல. நகர வேலைகளும் அரசின் நலத்திட்டங்களும் கட்சி அரசியலும் அவற்றுள் அடங்கும். ஊரைத் தன்னிறைவான அலகாகக் கொள்ளும் ஆய்வாளர், நில உடைமைப் பட்டியலை மட்டும் ஒப்பிட்டு ‘மாற்றம் சிறிது’ என முடிவுகட்ட நேரிடும். அதிகாரம் தளர்ந்தமை நிலப்பதிவேட்டில் தெரியாது. கூலி பேசும் இடத்தில் தெரியும். ஊர் எல்லை பதிவேட்டுக்கு உரியது. குடும்பத்தின் வாழ்வாதாரமோ அதனைக் கடந்து செல்வது.

முடிவுரை

மறுஆய்வு மேற்கொள்வோர் எண்களை ஒப்பிடுமுன் கருத்தாக்கங்களை ஒப்பிடல் வேண்டும். முந்தைய ஆய்வின் வினாநிரல், தகவலாளரின் சமூக நிலை, வகைப்பாட்டுப் பெயர்கள், அலகின் எல்லை ஆகிய நான்கையும் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே எஞ்சும் வேறுபாட்டைச் சமூக மாற்றம் எனக் கொள்ளலாம். தமிழியல் ஆய்வுகளில் குலங்களும் குடிகளும் பற்றிய குடியேற்றக்காலத் தொகுப்புகளும் மாவட்ட விவரச் சுவடிகளும் நேர்ச்சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. அவற்றுக்கும் இந்நெறி பொருந்தும். பழைய ஆய்வு கடந்தகாலத்தைக் காட்டும் சாளரம் மட்டுமன்று. அதுவும் தன் காலத்தின் சமூக உறவுகள் உருவாக்கிய ஓர் ஆவணமே. அவ்வாறு வாசிக்கும்போதுதான், முன்னோர் விட்டுச்சென்ற தரவு இன்றைய ஆய்வுக்கு முழுமையாகப் பயன்படும்.