திருநள்ளாறா, காரைக்காலா: எங்கே தங்குவது?

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. திருச்சி, சென்னை, ஒருமுறை பாரீஸிலிருந்துகூட உறவினர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "திருநள்ளாற்றில் ரூம் போடுவதா, காரைக்காலில் போடுவதா?" இரண்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர். காரைக்கால் என்றுதான் நான் சொல்வேன். சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சரித்திரமும் என் பக்கம்தான்.

காரைக்கால் அந்தக் காலத்திலேயே நாலு பேர் வந்துபோகிற ஊர். பெரியபுராணம் அதைக் கடல் வணிகர் வாழ்ந்த ஊராகக் காட்டுகிறது. புனிதவதியாரின் தகப்பனார் தனதத்தன் ஒரு வணிகர். மாப்பிள்ளை பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. மனைவியின் கையில் மாங்கனி வந்த அதிசயத்தைக் கண்டு பயந்துபோனவன் கப்பலேறினான். பாண்டிநாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். அந்த அம்மையார்தான் பிறகு பேயுருவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார்.

திருநள்ளாறு வேறு மாதிரி. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த கோயில் ஊர். மூவர் பாடல் பெற்றது. மதுரையில் சமணரோடு வாதம் நடந்தபோது சம்பந்தர் தீயிலிட்டும் வேகாமல் வந்த ஏடு திருநள்ளாற்றுப் பதிகம்தான் என்பார்கள். பச்சைப் பதிகம் என்ற பெயர் அதனால் வந்தது.

1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சுற்றுக் கிராமங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. பிற்பாடு திருநள்ளாறு ஒரு கொம்யூன் ஆனது. பிரெஞ்சில் அதை 'திர்னுலார்' என்று எழுதுவார்கள். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் உச்சரிப்பதைக் கேட்டால் சனி பகவானுக்கே தன் ஊர் அடையாளம் தெரியாது! கச்சேரி, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் காரைக்காலில். சாமி அங்கே, சாப்பாடு இங்கே என்று ஆகிவிட்டது.

1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. வழியில் திருநள்ளாற்றிலும் ஸ்டேஷன். இந்த ரயிலை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால், நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, சனி பகவானுக்கு எள் விளக்கு ஏற்றியபின், யார் வீட்டுக்கும் போகாமல், எங்கும் தங்காமல் நேரே சொந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். அதற்குப் பயந்தே அடுத்த ஊரில் இருக்கிற அம்மையாரை எட்டிப் பார்க்காமல் காரைத் திருப்பிவிடுகிறார்கள். ஆனால் கும்பகோணத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தவர் அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா? ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்! சத்திரத்திலோ, தெரிந்தவர் திண்ணையிலோ படுத்துத்தானே போயிருப்பார்? ரயிலும் பஸ்ஸும் வந்த பிறகே இந்த விதி இவ்வளவு கறாராகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

என் அத்தை மாயவரத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1954க்கு முன் அவருக்குத் திருநள்ளாறு வெளிநாடு! எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்களாம். எள் பொட்டலத்தைக்கூட விடமாட்டார்கள் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். அத்தை சனிக்கிழமை தரிசனம் முடித்து, அடுத்த வண்டியில் காரைக்கால் வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருப்பார். "நேரே வீட்டுக்கல்லவா போகணும்?" என்று பாட்டி கேட்டால், "பொறந்த வீடு எனக்கு அடுத்த வீடாம்மா?" என்பாராம். பாட்டியால் அதற்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஞாயிறு காலை இரண்டு பேரும் அம்மையார் கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

அந்த ரயில் 1987இல் நின்றது. எனக்கு இன்றுவரை அது ஒரு குறைதான்.

காரைக்காலில் தங்குவதில் ஒரு சங்கடம் உண்டு, மறைப்பானேன். புதுச்சேரி மாநிலம் என்பதால் மது விலை குறைவு. அதற்கென்றே வெளியூரிலிருந்து வருகிற கூட்டம் சனி, ஞாயிறில் சில விடுதிகளை நிறைத்துவிடும். பெண்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் விசாரித்துவிட்டு அறை எடுங்கள். திருநள்ளாற்றிலும் இப்போது விடுதிகள் நிறைய வந்துவிட்டன. நடக்க முடியாத வயதானவர்கள் கூட இருந்தால் அங்கேயே தங்குவதில் தவறில்லை. ஆனால் பெயர்ச்சி நாளில் கூட்டம் லட்சக்கணக்கில் வரும், அன்று ஊருக்குள் வண்டி நுழைவதே கஷ்டம்.

இன்னொன்று. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. திருக்கணிதத்தைப் பார்த்து 2025 மார்ச் 29ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பலர். அன்று கோயிலில் பெயர்ச்சி விழாவே இல்லை. தேதியைக் கேட்டுக்கொண்டு பிறகு அறையைப் பற்றி யோசியுங்கள்.

காரைக்காலில் தங்கினால் காலையில் பாரதியார் வீதியில் அம்மையாரைத் தரிசித்துவிடலாம். திருநள்ளாறு போகும்போது, சம்பந்தர் யாழ்முரிப் பதிகம் பாடிய தருமபுரத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே பெரும்பாலும் நீங்களும் குருக்களும் மட்டும்தான் இருப்பீர்கள்.

ஆனிப் பௌர்ணமிக்கு மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். அன்று மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், கீழே பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் மடியேந்தி நிற்பார்கள். அந்த இரண்டு மூன்று நாள் காரைக்காலில் அறை கிடைக்காது. அப்போது திருநள்ளாற்றில் தங்கிக்கொண்டு இங்கே வாருங்கள்.